இன்டர்வியூ முடிந்த பிறகும் ஒரு ஹேண்டோவர் இருக்கிறது

ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது. பத்தாவது நிமிடத்தில் நோயாளிக்குக் குளிர் நடுக்கம், இடுப்பு வலிக்கிறது என்கிறார். முதலில் என்ன செய்வீர்கள்?

நர்சாக என் இரண்டாவது வேலைக்கான இன்டர்வியூவில் மேட்ரன் கேட்ட கேள்வி இது. "உடனே டாக்டருக்குச் சொல்வேன் மேடம்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். வெளியே வந்து படியிறங்கும்போதுதான் சுரீரென்று உறைத்தது. முதலில் ரத்தம் ஏற்றுவதை நிறுத்த வேண்டும். டாக்டர் எல்லாம் அதற்கு அப்புறம். வார்டில் இருந்திருந்தால் என் கை யோசிக்காமலே கிளாம்ப்பை மூடியிருக்கும். நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்டதும் வாய் முந்திக்கொண்டது.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் அழுதேன். அழுது முடித்து, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு மெயில் எழுதினேன். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி சொல்லிவிட்டு, அந்தப் பதிலைத் திருத்தி நான்கு வரி. வேலை கிடைத்தது. சேர்ந்து சில மாதம் கழித்து மேட்ரன் ஒருநாள் சொன்னார்: "அந்தக் கேள்விக்கு அன்னைக்கு நாலு பேர் தப்பா சொன்னாங்க. திருத்தி எழுதினது நீ ஒருத்திதான்."

இப்போது நான் வார்டு இன்சார்ஜ். ஆறு வருடமாக மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நானும் கேள்வி கேட்கிறேன். இன்டர்வியூ முடிந்து போனவர்கள் அடுத்த இரண்டு வாரம் என்ன செய்கிறார்கள் என்பதை அங்கிருந்து பார்க்க முடிகிறது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நன்றி மெயில் அனுப்பியதற்காக நான் யாரையும் எடுத்ததில்லை, அனுப்பாததற்காக யாரையும் ஒதுக்கியதும் இல்லை. ஆனால் இரண்டு பேர் சமமாக நிற்கும்போது அது தராசைச் சாய்த்திருக்கிறது. செய்ததை எழுதி வைக்காவிட்டால் செய்யாததற்குச் சமம் என்று பயிற்சியின் முதல் வருடத்திலேயே நம் காதில் ஓதுகிறார்கள் அல்லவா? உங்கள் மெயிலைத் திறக்கும்போது, இந்தப் பெண் அல்லது பையன் கேஸ் ஷீட்டில் எப்படி எழுதுவார் என்றுதான் என் கண் தேடும்.

முதல் அரை மணி நேரம்

வாசலைத் தாண்டியதும் எங்காவது உட்கார்ந்து எழுதிவிடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் பாதி போய்விடும். ஷிப்ட் முடிவில் மொத்தமாக எழுதும் நோட்ஸ் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

எதிரே யார் யார் இருந்தார்கள், என்ன பதவி, பெயரின் எழுத்து சரியாக என்ன. எந்த யூனிட், எத்தனை கட்டில், ஒரு நர்சுக்கு எத்தனை நோயாளி என்றார்கள், மாதத்தில் எத்தனை நைட். முடிவு எப்போது தெரியும் என்றார்கள், யாரிடம் கேட்கச் சொன்னார்கள். என்ன சான்றிதழ் கேட்டார்கள். எந்தக் கேள்வியில் தடுமாறினீர்கள். அவர்கள் முகம் மலர்ந்தது எந்தப் பதிலுக்கு. இவ்வளவுதான், ஒரு பக்கம் போதும்.

பெயர் தெரியாவிட்டால் வரவேற்பிலோ எச்.ஆரிலோ போன் செய்து கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒருமுறை எங்கள் குழுவில் மூன்று பேருமே பெண்கள். மறுநாள் வந்த மெயில் "மதிப்பிற்குரிய சார்" என்று தொடங்கியது. இன்னும் எங்கள் டீ நேரத்தில் அது ஒரு ஜோக்.

அன்றைக்கே செய்ய வேண்டிய இன்னொரு வேலை, நீங்கள் பரிந்துரைக்குப் பெயர் கொடுத்த பழைய இன்சார்ஜுக்கோ ஆசிரியருக்கோ ஒரு போன். "இந்த யூனிட்டுக்குப் போயிருந்தேன் சிஸ்டர், உங்களைக் கூப்பிடலாம், நைட் டூட்டியும் வென்டிலேட்டர் அனுபவமும் பற்றிக் கேட்பார்கள் என்று நினைக்கிறேன்." இதைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்றால், நான் கூப்பிடும்போது அந்தப் பக்கம் "யாரு? எந்த பேட்ச்?" என்று கேட்பார்கள். அந்த நான்கு விநாடித் தயக்கம் எனக்குக் கேட்கும்.

நன்றி மெயில்

24 மணி நேரத்துக்குள் போய்விட வேண்டும். அதற்காக வெளியே வந்த பத்தாவது நிமிடத்தில் அனுப்பாதீர்கள். முன்கூட்டியே எழுதி வைத்தது என்று தெரிந்துவிடும். இன்டர்வியூ எந்த மொழியில் நடந்ததோ அதே மொழியில் எழுதுங்கள். பொருள் வரியில் உங்கள் பெயர், பணி, தேதி மூன்றும் இருக்கட்டும். எச்.ஆருக்கு மூன்று வரி போதும். யூனிட் இன்சார்ஜுக்கோ சூப்பரின்டென்டென்டுக்கோ தனியாக எழுதுங்கள். ஒரே மெயிலைப் பெயர் மட்டும் மாற்றி எல்லோருக்கும் அனுப்பாதீர்கள். நாங்கள் ஒரே அறையில் உட்கார்ந்துதான் பேசுகிறோம், ஒருவர் போனை இன்னொருவர் பார்க்கிறோம்.

நீளம்? இரண்டு ரவுண்ட்ஸுக்கு நடுவே நின்றபடியே படித்து முடிக்கிற அளவு. நான் அனுப்பியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

"வணக்கம் மேடம். இன்று காலை ஸ்டாஃப் நர்ஸ் பணிக்கான இன்டர்வியூவில் என்னுடன் நேரம் எடுத்துப் பேசியதற்கு நன்றி. உங்கள் யூனிட்டில் ஷிப்ட் மாறும்போது நோயாளிகளை ஒப்படைக்கும் ஹேண்டோவரை நர்ஸ் ஸ்டேஷனில் வைக்காமல் கட்டிலருகே நடத்துவதாகச் சொன்னீர்கள். நான் இப்போது இருக்கும் வார்டில் ஆறு மாதமாக அப்படித்தான் செய்கிறோம். டிரிப் தீரப்போவதும் டிரெசிங் நனைந்திருப்பதும் அங்கேயே கண்ணில் பட்டுவிடுகிறது.

ரத்தம் ஏற்றும்போது நடுக்கம் வந்தால் என்ன செய்வேன் என்ற கேள்விக்கு நான் சொன்ன பதிலைத் திருத்த விரும்புகிறேன். முதலில் ஏற்றுவதை நிறுத்துவேன். செட்டை மாற்றி, நார்மல் சலைன் போட்டு லைனைத் திறந்து வைப்பேன். உடனே டாக்டருக்குத் தகவல் சொல்லி, வைட்டல்ஸ் எடுத்து, நோயாளியின் அடையாளத்தையும் பையின் லேபிளையும் மறுபடி ஒத்துப் பார்ப்பேன். பையையும் செட்டையும் ரத்த வங்கிக்கு அனுப்புவேன்.

நீங்கள் கேட்ட பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) சான்றிதழை இணைத்திருக்கிறேன். உங்கள் யூனிட்டில் வேலை செய்ய எனக்கு மிகவும் விருப்பம். வேறு ஏதேனும் தேவைப்பட்டால் சொல்லுங்கள்."

இதில் ஹேண்டோவர் பற்றிய வரியைக் கவனியுங்கள். அந்த அறையில் பேசாத ஒருவரால் அதை எழுத முடியாது. உங்கள் மெயிலில் அப்படி ஒரு வரி இருந்தால் போதும். "தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் பணிபுரியும் வாய்ப்பு" என்று தொடங்குபவற்றை நான் பாதியில் மூடிவிடுவேன், பாவம்தான், ஆனால் மூடிவிடுவேன்.

பதிலைத் திருத்துவதற்கும் ஒரு அளவு உண்டு. நோயாளியின் பாதுகாப்பைத் தொடும் தவறாக இருந்தால் திருத்துங்கள், அதுவும் ஒன்றே ஒன்று. "உங்கள் பலவீனம் என்ன" என்ற கேள்விக்கு இன்னும் அழகான பதில் வீட்டில் தோன்றினால் அது வீட்டிலேயே இருக்கட்டும். ஏழு பதில்களைத் திருத்தி மூன்று பக்கம் அனுப்பியவரையும் பார்த்திருக்கிறேன். படித்து முடித்தபோது, அவர் நன்றாகச் சொன்ன பதில்கள்கூட எனக்கு மறந்துவிட்டன.

இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஒன்று இருக்கிறது. உள்ளே "தெரியவில்லை மேடம், பார்த்துச் சொல்கிறேன்" என்று நேர்மையாகச் சொன்னீர்கள் என்றால், பார்த்துச் சொல்லுங்கள். நாடி, மூச்சு போன்ற அளவுகளுக்கு மதிப்பெண் போட்டு நோயாளி மோசமாகிறாரா என்று காட்டும் நியூஸ்2 ஸ்கோர் எத்தனை வந்தால் டாக்டரைக் கூப்பிடுவாய் என்று ஒரு பையனிடம் கேட்டேன். முழித்தான். அன்று சாயங்காலம் எழுதியிருந்தான்: மொத்தம் 5 வந்தால் அவசரமாகப் பார்க்கச் சொல்ல வேண்டும், 7 அல்லது அதற்கு மேல் என்றால் எமர்ஜென்சி டீமுக்குத் தகவல், ஏதாவது ஒரு அளவு தனியாக 3 வந்தாலும் சும்மா விடக்கூடாது. கூடவே, "எங்கள் வார்டில் வேறு சார்ட் இருப்பதால் இது பழக்கமில்லை" என்று ஒரு வரி. அந்தப் பையனை எடுத்தோம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, அன்றைக்கே தேடிப் பார்க்கிற ஆள் நைட் டூட்டியில் பக்கத்தில் இருந்தால் எனக்குத் தூக்கம் வரும். (தூங்கக் கூடாது, அது வேறு விஷயம்.)

ஒரு எச்சரிக்கை. உங்கள் திறமையைக் காட்ட நோயாளி கதை எழுதாதீர்கள். எழுதியே ஆக வேண்டும் என்றால் பெயர், தேதி, கட்டில் எண், ஆளை அடையாளம் காட்டும் எதுவும் வேண்டாம். ஒருவர் தன் சார்ட்டிங் எவ்வளவு சுத்தம் என்று காட்ட, தான் எழுதிய கேஸ் ஷீட்டைப் போட்டோ எடுத்து இணைத்திருந்தார். எழுத்து மணிமணியாகத்தான் இருந்தது. மேலே நோயாளியின் பெயரும் பதிவு எண்ணும்கூட மணிமணியாகத் தெரிந்தன. அதோடு அந்த விண்ணப்பத்தை மூடிவிட்டோம்.

காகிதங்கள்

நர்சிங் வேலை மற்ற வேலைகளிலிருந்து மாறுபடும் இடம் இது. உங்களைப் பிடித்துவிட்டாலும் காகிதம் முழுமையாக இல்லாமல் வார்டுக்குள் விட முடியாது. கேட்ட பிறகு தேடாமல், முதல் மெயிலுடனோ அடுத்த இரண்டு நாளிலோ அனுப்பிவிடுங்கள்.

நர்சிங் கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன் எப்போது காலாவதி என்று இன்றே பாருங்கள். அமெரிக்க இதய சங்கத்தின் பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். (மேம்பட்ட இதய உயிர்காப்புப் பயிற்சி) கார்டுகள் 2 வருடம்தான் செல்லும். அடுத்த மாதம் முடிகிறதென்றால் மறு தேர்வுக்குப் பதிவு செய்துவிட்டு அந்தத் தேதியையும் சேர்த்து எழுதுங்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வழக்கமான அட்டவணை 0, 1, 6 மாதம் என மூன்று டோஸ். அதற்குப் பிறகு எடுக்கும் டைட்டர், அதாவது ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் பொருளின் அளவு, 10 (mIU/mL) அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் பாதுகாப்பு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். மூன்றாவது டோஸை மறந்துவிட்டவர்கள் இப்போது போட்டுக்கொண்டாலும் டைட்டர் பார்க்க ஒன்றிரண்டு மாதம் ஆகும். அதனால் உள்ள நிலையைச் சொல்லிவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே பி.டி.எஃப். ஆக, உங்கள் பெயர் போட்டு அனுப்புங்கள். போனில் எடுத்த பதினோரு போட்டோ, அதில் இரண்டு தலைகீழ், ஒன்றில் கட்டை விரல், இப்படி வந்தால் எச்.ஆரில் இருக்கும் பெண் என்னிடம்தான் புலம்புவாள்.

காத்திருக்கும் நாட்கள்

இதுதான் கொடுமையான பகுதி, தெரியும். மௌனம் என்றால் நிராகரிப்பு என்று மனம் தானாகவே எழுதிக்கொள்ளும். உள்ளே உண்மையில் நடப்பது பெரும்பாலும் அலுப்பூட்டும் விஷயங்கள்: அந்த இடத்துக்கு நிதி ஒப்புதல் கையெழுத்தாகவில்லை, கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில் இருக்கிறார், ஏற்கனவே வேலை செய்யும் ஒருவர் வேறு வார்டிலிருந்து மாற்றம் கேட்டிருக்கிறார், ஆய்வுக் குழு வருகிறது என்று எல்லோரும் ஃபைலோடு ஓடிக்கொண்டிருக்கிறோம். என் வார்டில் ஒருமுறை ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகு உத்தரவு வர ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் அந்தப் பெண் தனக்கு இல்லை என்றே நினைத்திருக்கிறாள்.

அவர்கள் ஒரு தேதி சொல்லியிருந்தால், அது தாண்டி இரண்டு வேலை நாள் விடுங்கள். தேதியே சொல்லவில்லை என்றால் ஒரு வாரம் முதல் பத்து நாள். அப்புறம் கேட்கலாம், கேட்க வேண்டும்.

மெயில் போதும். பதில் இல்லாவிட்டால் போன். போனை எச்.ஆருக்கு அல்லது கொடுத்த நேரடி எண்ணுக்குச் செய்யுங்கள். தயவுசெய்து வார்டு போனுக்கு வேண்டாம். அந்த போன் லேபுக்கும் ரத்த வங்கிக்கும் பதறிப்போன உறவினர்களுக்கும் உரியது. இன்சார்ஜே தன் எண்ணைக் கொடுத்திருந்தால் நேரம் பார்த்துக் கூப்பிடுங்கள். ஷிப்ட் மாறும் நேரத்துக்கு முன்னும் பின்னும் முக்கால் மணி, காலை ரவுண்ட்ஸ், மருந்து கொடுக்கும் நேரம் இவற்றில் கூப்பிட்டால், இந்த ஆளுக்கு வார்டு தெரியாதோ என்று தோன்றிவிடும். நர்சாக இருந்துகொண்டு ஹேண்டோவர் நேரத்தில் போன் செய்பவரை என்ன சொல்ல?

போனில் என்ன பேசுவது என்று தடுமாறுபவர்களுக்கு நான் சொல்லிக் கொடுப்பது எஸ்-பார். டாக்டருக்கு போன் செய்யும்போது நாம் பயன்படுத்தும் அதே நான்கு படிகள்: நிலைமை, பின்னணி, மதிப்பீடு, வேண்டுகோள். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைக்கு வந்த முறை அது. சுற்றி வளைக்க நேரமில்லாத இடத்தில் பிறந்தது, இங்கேயும் பொருந்துகிறது.

"வணக்கம், நான் இன்னார். 12-ஆம் தேதி குழந்தைகள் வார்டு ஸ்டாஃப் நர்ஸ் இன்டர்வியூவுக்கு வந்திருந்தேன். திங்கட்கிழமைக்குள் முடிவு தெரியும் என்று சொன்னார்கள். கேட்ட சான்றிதழ்கள் எல்லாம் 14-ஆம் தேதி அனுப்பிவிட்டேன். இன்னும் பரிசீலனையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். எப்போது தெரிய வாய்ப்பிருக்கிறது, என் பக்கத்திலிருந்து ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று சொல்ல முடியுமா?"

அரை நிமிடம்கூட ஆகாது. "என் பக்கத்திலிருந்து ஏதாவது பாக்கியா" என்ற கேள்விதான் இதில் அதிகம் வேலை செய்வது. பாதி நேரம் ஏதோ ஒரு காகிதம் வராமல் ஃபைல் அப்படியே கிடக்கும், யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். பேசியவரின் பெயரையும் அவர் சொன்ன தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வாரம் கழித்து ஒரு மெயில். அதற்கும் பதில் இல்லையா? இன்னும் பத்து நாள் விட்டு, "இந்த இடம் நிரம்பியிருந்தாலும் சரி, பின்னால் இடம் வந்தால் என்னை நினைவில் வையுங்கள்" என்று கடைசியாக ஒன்று. அத்தோடு நிறுத்திவிடுங்கள். ஒரே வாரத்தில் பதினோரு முறை கூப்பிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். கெட்டிக்காரர், ஆனால் ஏழாவது அழைப்புக்குப் பிறகு எச்.ஆரில் அந்த எண்ணை யாரும் எடுக்கவில்லை.

வாட்ஸ்அப், அவர்கள் அதில் முதலில் பேசியிருந்தால் மட்டும். பூங்கொத்து, இனிப்பு, பரிசு எதுவும் வேண்டாம், எங்களுக்குத்தான் சங்கடம். இன்டர்வியூவில் என்ன கேட்டார்கள் என்று சமூக வலைத்தளத்தில் போடாதீர்கள். ஸ்பாம் பெட்டியைத் தினமும் ஒருமுறை திறந்து பாருங்கள், அவ்வளவுதான்.

நடுவில் வேறு இடத்திலிருந்து வேலை வந்துவிட்டால், இங்கே விருப்பம் அதிகம் என்றால், ஒளிக்காமல் சொல்லலாம்: "எனக்கு வேறு ஒரு அழைப்பு வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். என் முதல் விருப்பம் உங்கள் யூனிட்தான். அதற்குள் ஏதாவது தெரிய வாய்ப்பு உண்டா?" உண்மையாக இருந்தால் மட்டும். இல்லாத அழைப்பைக் காட்டி அவசரப்படுத்தினால், "சரி, அங்கேயே போய்ச் சேருங்கள், வாழ்த்துகள்" என்று பதில் வரும். நானே அப்படி அனுப்பியிருக்கிறேன்.

இல்லை என்று வந்தால்

இரண்டு வரி பதில் எழுதுங்கள். நன்றி, ஒரே ஒரு கேள்வி: "நான் எதில் முன்னேற வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" பதில் வந்தால் அதோடு வாதாடாதீர்கள். மூன்று வருடத்துக்கு முன்பு ஐ.சி.யு. அனுபவம் போதாது என்று ஒரு பெண்ணை வேண்டாம் என்றோம். நன்றி சொல்லிவிட்டு எந்த வகை அனுபவம் என்று கேட்டாள். ஆர்டீரியல் லைன் (தமனியில் போடும் குழாய்), மருந்து ஏற்றும் இன்ஃபியூஷன் பம்ப் என்று எழுதினேன். நாங்கள் எடுத்த ஆள் சோதனைக் காலம் முடியும் முன்பே கிளம்பிவிட்டார். மறுபடி விளம்பரம் போடச் சோம்பல்பட்டு பழைய மெயில்களைத் துழாவினேன், அவள் பெயர் மேலே இருந்தது. இதற்குள் அவள் ஐ.சி.யு.வுக்கு ஒரு படி கீழே உள்ள ஹெச்.டி.யு.வில் நான்கு மாதம் போட்டிருந்தாள்.

சரி என்று வந்தால்

போனில் "வாழ்த்துகள்" என்பது வேலை உத்தரவு இல்லை. நன்றி சொல்லி, எழுத்தில் எப்போது வரும் என்று கேளுங்கள். கடிதம் வந்ததும் முழுதாகப் படியுங்கள்: பேசிய அதே யூனிட்தானா, ஷிப்ட் எத்தனை மணி நேரம், சோதனைக் காலம் எவ்வளவு, முதல் எத்தனை வாரம் ஒரு மூத்த நர்சுடன் சேர்த்துப் போடுவார்கள், இடையில் விலகினால் பணம் கட்டச் சொல்லும் பாண்ட் ஏதாவது இருக்கிறதா. சேரும் தேதியைச் சொல்லும் முன் இப்போதைய இடத்தில் நோட்டீஸ் எத்தனை நாள் என்று கணக்குப் போடுங்கள். அதை முழுதாக முடிக்காமல் வருகிறேன் என்பவரைப் பார்த்தால், நாளை என்னையும் இப்படித்தான் விட்டுப் போவார் என்று எனக்குத் தோன்றும்.

ராஜினாமாவை அதற்குப் பிறகு கொடுங்கள். இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். மூன்றாவது வேலை மாறும்போது போனில் சொன்ன வார்த்தையை நம்பி மறுநாளே கடிதம் கொடுத்துவிட்டேன். ஒரு வாரத்தில் அங்கிருந்து இன்னொரு போன்: புதிய நியமனம் எல்லாம் நிறுத்தி வைத்திருக்கிறோம், மன்னிக்கவும். காது அடைத்துக்கொண்டது. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் என் இன்சார்ஜ் முன்னால் போய் நின்றேன். அவர் டிராயரைத் திறந்து, என் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். மேலே அனுப்பவே இல்லை. "கையில ஆர்டர் இருக்கான்னு நான் அன்னைக்கே கேட்டிருக்கணும்" என்றார், அப்புறம் மத்தியான டூட்டி லிஸ்ட்டை என் பக்கம் தள்ளினார்.